அஜேயா டாங்கிக்கு 1,000 குதிரைத்திறன் எஞ்சின்: மேம்படுத்தப்பட்ட டி-72 எதைச் செய்யும், எதைச் செய்யாது?

புதுதில்லி: இந்திய ராணுவத்தின் கவசப் படையில் எண்ணிக்கையில் முதலிடம் வகிப்பது டி-72 டாங்கி. 'வெல்ல முடியாதது' என்ற பொருளில் 'அஜேயா' எனப் பெயர் சூட்டப்பட்ட இந்த டாங்கிகளுக்கு 1,000 குதிரைத்திறன் எஞ்சின்களைக் கொள்முதல் செய்ய, ரஷ்யாவின் ரோசோபோரோன்எக்ஸ்போர்ட் நிறுவனத்துடன் பாதுகாப்பு அமைச்சகம் 2025 மார்ச் 7 அன்று ஒப்பந்தம் செய்துகொண்டது. ஒப்பந்தத்தின் மதிப்பு 24.8 கோடி அமெரிக்க டாலர்; அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 2,150 கோடி ரூபாய்.

எஞ்சின்களில் ஒரு பகுதி முழுமையாக இணைக்கப்பட்ட நிலையிலும், மற்றவை முழுமையாகவோ பகுதியாகவோ பிரிக்கப்பட்ட நிலையிலும் வந்து சேரும். சென்னையை அடுத்த ஆவடியில் உள்ள கனரக வாகனத் தொழிற்சாலைக்குத் தொழில்நுட்பத்தை வழங்குவதும், பின்னர் உரிமத்தின்பேரில் இங்கேயே உற்பத்தி செய்வதும் ஒப்பந்தத்தில் அடங்கும். தற்போது டி-72இல் உள்ளது 780 குதிரைத்திறன் எஞ்சின். புதிய எஞ்சின் டாங்கியின் களநகர்வையும் தாக்கும் திறனையும் உயர்த்தும் என்று அமைச்சகம் தெரிவித்துள்ளது.

டி-72 சோவியத் படையில் சேர்க்கப்பட்ட ஆண்டு 1973. அரை நூற்றாண்டைக் கடந்த ஒரு வடிவமைப்புக்கு இவ்வளவு தொகை ஏன் செலவிடப்படுகிறது என்ற கேள்வி எழுவது இயல்பு. ராணுவத்திடம் ஏறத்தாழ 2,400 டி-72 டாங்கிகள் இருப்பதாகக் கூறப்படுகிறது. அவற்றுக்கு மாற்றான புதிய டாங்கி இன்னும் வரைபட நிலையைத் தாண்டவில்லை. எனவே கையில் இருப்பதை வைத்துத்தான் இன்னும் பல ஆண்டுகள் எல்லையைக் காக்க வேண்டும். அந்த இடைக்காலத்தில் இந்த டாங்கியால் எதைச் செய்ய முடியும், எவ்வளவு செலவிட்டாலும் எதைச் செய்ய முடியாது என்பதை விளக்குவதே இக்கட்டுரை.

தொடங்கும் முன் சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. தமிழ்ச் செய்திகளில் 'பீரங்கி' என்ற சொல் இரண்டு வேறு ஆயுதங்களைக் குறிக்கிறது. தொலைவிலிருந்து குண்டு வீசும் பெரிய துப்பாக்கியும் பீரங்கிதான். சங்கிலிப் பட்டையில் ஓடும் கவச வாகனமும் பீரங்கிதான். செய்தியை மொழிபெயர்க்க அமர்பவருக்கு இது அன்றாடத் தலைவலி. குழப்பம் தவிர்க்க, இங்கே வாகனம் 'டாங்கி' என்றும் அதன் மேலுள்ள ஆயுதம் 'பீரங்கி' என்றும் குறிப்பிடப்படுகின்றன.

ஆவடிக்கு வந்த கதை

1961இல் நிறுவப்பட்ட ஆவடி தொழிற்சாலையிலிருந்து முதலில் வெளிவந்தது பிரிட்டனின் விக்கர்ஸ் வடிவமைப்பைத் தழுவிய 'விஜயந்தா' டாங்கி. 1965 டிசம்பரில் அதன் உற்பத்தி தொடங்கியது. விஜயந்தாவின் பீரங்கி 105 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. அதை இயக்க நான்கு பேர் தேவை. 1970களின் இறுதியில் இந்தியா அதைவிட வலிய ஒரு டாங்கியைத் தேடியபோது தேர்வானது சோவியத் டி-72. முதலில் நேரடியாக இறக்குமதியானது. 1980களின் பிற்பகுதியிலிருந்து ஆவடியிலேயே உரிம அடிப்படையில் தயாரிக்கப்பட்டது. படைத்தளவாட வாரியம் 2021 அக்டோபர் 1 அன்று கலைக்கப்பட்ட பின், இத்தொழிற்சாலை ஆவடியையே தலைமையிடமாகக் கொண்ட கவச வாகன நிகாம் நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது.

டி-72 விரும்பப்பட்டதற்குக் காரணம் அதன் எளிமை. எடை 41.5 டன் மட்டுமே. உயரம் ஏறத்தாழ 2.2 மீட்டர் என்பதால் மண்மேட்டின் பின்னே எளிதில் மறைந்துகொள்ளும். பஞ்சாபின் கால்வாய்ப் பாலங்களைக் கடக்க எடை குறைந்த டாங்கி வேண்டும். 68 டன் எடையுள்ள அர்ஜுன் மார்க்-1ஏ டாங்கியுடன் ஒப்பிட்டால் இதன் அருமை விளங்கும். அர்ஜுன் தார்ப் பாலைவனத்தில் சிறப்பாக ஓடும். எல்லாப் பாலங்களிலும் ஏற முடியாது.

இதன் பீரங்கி 125 மில்லிமீட்டர். உட்புறம் திருகுவரிகள் இல்லாமல் வழவழப்பானது. குண்டை ஏற்றுவதற்கென்று தனி ஆள் கிடையாது. சுழல் கோபுரத்தின் அடியில் இராட்டினம் போன்ற வட்டத் தட்டில் 22 குண்டுகள் அடுக்கப்பட்டிருக்கும். சுடுபவர் பொத்தானை அழுத்தினால் தட்டு சுழன்று, வேண்டிய வகைக் குண்டு மேலே வந்து பீரங்கிக்குள் செல்லும். எட்டு விநாடிக்குள் அடுத்த குண்டு தயார். இதனால் கமாண்டர், சுடுபவர், ஓட்டுநர் என மூவர் மட்டும் போதுமானது. ஓர் ஆள் குறைந்ததால் கோபுரம் சிறிதானது. கோபுரம் சிறிதானதால் கவசம் குறைந்த எடையில் தடித்தது. டி-72இன் பலம் அனைத்தும் இந்த ஓர் ஏற்பாட்டிலிருந்து பிறந்தவை. அதன் மிகப் பெரிய பலவீனமும் அதிலிருந்தே பிறந்தது.

இருட்டில் கண்

மேம்பாட்டில் மிக அதிகப் பலன் தந்தது எஞ்சின் அல்ல, பார்வைக் கருவிதான் என்பதற்கு 1991 வளைகுடாப் போரே சான்று. அவ்வாண்டு பிப்ரவரி 26 அன்று ஈராக்கின் தெற்குப் பாலைவனத்தில், மணற்புயலுக்கு நடுவே, அமெரிக்காவின் ஆப்ராம்ஸ் டாங்கிகளும் ஈராக் குடியரசுக் காவற்படையின் டி-72 டாங்கிகளும் மோதின. வரைபடக் கோட்டின் பெயரால் '73 ஈஸ்டிங் சண்டை' என அழைக்கப்படும் அம்மோதலில், புயலுக்குள் ஊடுருவிப் பார்க்கும் வெப்பப் படக் கருவி அமெரிக்கர்களிடம் இருந்தது. ஈராக்கியர்களிடம் இல்லை. தங்களைச் சுடுவது யார் என்று தெரிவதற்கு முன்பே பல டி-72கள் எரிந்தன.

டி-72இன் தொடக்ககால இரவுப் பார்வைக் கருவி, பீரங்கியின் அருகே பொருத்திய அகச்சிவப்பு விளக்கை நம்பி இயங்கியது. மனிதக் கண்ணுக்குப் புலப்படாத ஒளியை அந்த விளக்கு வீசும். அது பட்டுத் திரும்புவதைச் சுடுபவர் பார்ப்பார். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் எதுவும் தெளிவாகத் தெரியாது. அதைவிடப் பெரிய சிக்கல், அதே அகச்சிவப்புக் கருவி எதிரியிடமும் இருந்தால் விளக்கேற்றிய டாங்கி இருட்டில் தீப்பந்தம் பிடித்து நிற்பவனைப் போல் தெரியும். வெப்பப் படக் கருவி எந்த ஒளியையும் வீசுவதில்லை. எஞ்சின், மனித உடல், சூடேறிய பீரங்கிக் குழல் ஆகியவற்றிலிருந்து வெளிப்படும் வெப்பத்தையே படமாக்குகிறது. புகை, தூசு, லேசான மூடுபனி ஆகியவற்றை ஊடுருவி இரண்டு, மூன்று கிலோமீட்டர் வரை இலக்கைக் காட்டும்.

இஸ்ரேலிய நிறுவனத்தின் வெப்பப் படக் கருவிகள் இந்திய டி-72களில் ஒரு பகுதிக்குப் பொருத்தப்பட்டன. இவற்றில் ஒரு வகை தனித்து இயங்கும் பார்வைக் கருவி மட்டுமே. மற்றொரு வகை லேசர் தூரமானியுடனும் கணிப்பொறியுடனும் இணைந்து, எவ்வளவு உயர்த்திச் சுட வேண்டும் என்பதையும் கணக்கிட்டுத் தருவது. இரண்டும் ஒன்றல்ல. முதல் வகையில் இலக்கு தெரியும். இரண்டாவது வகையில் முதல் குண்டே இலக்கில் படும் வாய்ப்பு உயரும். மேம்படுத்தப்பட்ட டி-72 என்று பொதுவாகச் சொல்லும்போது இந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. அஜேயா என்பது ஒரே தரத்திலான டாங்கிக் கூட்டம் அல்ல. வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு அளவில் மேம்படுத்தப்பட்டவை ஒரே பெயரில் ஓடுகின்றன.

வெடிக்கும் கவசம்

மேம்படுத்தப்பட்ட அஜேயாவின் முன்புறத்தில் செங்கல் அடுக்கியது போன்ற பெட்டிகள் தெரியும். அவை புனேயில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு அமைப்பின் உயர் ஆற்றல் பொருள் ஆய்வகம் உருவாக்கிய வெடி எதிர்வினைக் கவசம். ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு எஃகுத் தகடுகளுக்கு இடையே வெடிமருந்து இருக்கும். டாங்கி எதிர்ப்பு ஏவுகணை மோதியதும் அதிலிருந்து உலோகம் மெல்லிய கற்றையாகப் பீறிட்டு வரும்; எஃகைத் துளைப்பது அந்தக் கற்றைதான். அது பட்ட கணத்தில் பெட்டி வெடித்து, தகடுகள் எதிரெதிராகப் பறந்து, கற்றையைக் குறுக்கே வெட்டிச் சிதைக்கின்றன. வெடியை வெடியால் முறிக்கும் உத்தி இது.

இதற்கும் வரம்பு உண்டு. வெடித்த பெட்டி மறுமுறை காக்காது. முதல் தலைமுறைப் பெட்டிகள் ஏவுகணைக் கற்றைக்கு எதிராக நன்கு பயன்படும். மற்றொரு டாங்கி சுடும் நீண்ட அம்பு வடிவ உலோகக் குண்டை அவ்வளவாகத் தடுக்காது. பெட்டி இல்லாத கூரையும் பின்புறமும் பழைய நிலையிலேயே உள்ளன.

லேசர் கதிர் தன்மீது பட்டால் எச்சரிக்கும் கருவி, செயற்கைக்கோள் வழிகாட்டி, மேம்பட்ட வானொலி ஆகியனவும் மேம்பாட்டில் அடங்கும். இவற்றுள் வெளியே தெரியாத ஒரு கருவி வீரர்களின் உயிரோடு நேரடியாகத் தொடர்புடையது. தில்லியில் உள்ள தீ, வெடிமருந்து ஆய்வு மையம் உருவாக்கிய தீயுணர்ந்து அணைக்கும் அமைப்பு, வீரர்கள் அமர்ந்திருக்கும் அறையில் எரிபொருள் பற்றிக்கொண்டால் 200 மில்லிவிநாடிக்குள், அதாவது விநாடியின் ஐந்தில் ஒரு பங்கு நேரத்திற்குள், கண்டறிந்து அணைக்கும் வகையில் வடிவமைக்கப்பட்டுள்ளது. மனிதன் தீயைப் பார்த்து, கையை நீட்டும் முன்பே வேலை முடிந்திருக்கும்.

புதிய எஞ்சின் தருவது என்ன?

டி-72இன் எஞ்சினுக்கு நீண்ட வமிசாவளி உண்டு. 12 உருளைகள் ஆங்கில 'வி' எழுத்து வடிவில் அமைந்த, ஏறத்தாழ 38.8 லிட்டர் கொள்ளளவுள்ள இந்த டீசல் எஞ்சினின் மூதாதை, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியை எதிர்த்து ஓடிய டி-34 டாங்கியில் இருந்தது. அதே அடித்தளத்தை வளர்த்தெடுத்துத்தான் டி-72க்கு 780 குதிரைத்திறனும், இந்தியாவின் டி-90 பீஷ்மாவுக்கு 1,000 குதிரைத்திறனும் எட்டப்பட்டன. எனவே புதிய எஞ்சின் அஜேயாவுக்கு அந்நியமானதல்ல. இரண்டு டாங்கிகளையும் பராமரிக்கும் பணிமனைகளுக்குப் பழகிய குடும்பம் அது. உதிரிபாகக் கிடங்கில் இதன் பயன் தெரியும்.

கணக்கைப் பார்க்கலாம். 41.5 டன் எடைக்கு 780 குதிரைத்திறன் என்றால் டன்னுக்கு 18.8. வெடிக் கவசப் பெட்டிகளும் பிற கருவிகளும் ஏறிய பின் எடை 43 டன் என்று வைத்துக்கொண்டால் அது 18.1ஆகக் குறையும். மேம்படுத்த மேம்படுத்த டாங்கி சோம்பலாகிறது என்பதே இதன் பொருள். 1,000 குதிரைத்திறன் வந்தால் அதே 43 டன்னுக்கு டன்னுக்கு 23.3 கிடைக்கும். உச்ச வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது பெரிதாக மாறிவிடாது. மாறுவது நின்ற இடத்திலிருந்து பாய்ந்து மறைவிடம் சேரும் நேரம். எதிரியின் பார்வையில் வெளிப்பட்டு நிற்கும் விநாடிகள் குறையும்.

லடாக்கில் இதன் தேவை இன்னும் கூடுதல். கடல் மட்டத்திலிருந்து 4,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 63 விழுக்காடுதான். எரிபொருள் எரியக் காற்று வேண்டும். காற்று குறைந்தால் திறன் குறையும். பழைய எஞ்சினில் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் விசிறியை எஞ்சினே தன் ஆற்றலைச் செலவிட்டுச் சுழற்றுகிறது. டி-90இல் உள்ள 1,000 குதிரைத்திறன் வகையில், வீணாக வெளியேறும் புகையின் வேகத்தில் அந்த விசிறி சுழல்கிறது. மலையில் இவ்வேறுபாடு முக்கியமானது. குளிர்காலத்தில் சுழியத்துக்குக் கீழே 30 பாகைக்கும் குறைந்த வெப்பநிலையில் டீசலே கூழாகிவிடும் என்பதால், தனி வகை எரிபொருளும் எண்ணெயும் வழங்கப்படுகின்றன. இரவிலும் எஞ்சினை அவ்வப்போது இயக்கிச் சூடு தணியாமல் காக்க வேண்டியுள்ளது.

மலைமீது டாங்கியை ஏற்றுவது இந்தியப் படைக்குப் புதிதல்ல. 1948 நவம்பர் 1 அன்று ஸோஜி லா கணவாயில் 7ஆவது இலகுரகக் குதிரைப் படையின் ஸ்டூவர்ட் டாங்கிகள் தோன்றியபோது எதிர்த்தரப்பு திகைத்தது. 2020 ஜூனில் கல்வான் மோதலுக்குப் பின் 68,000க்கும் மேற்பட்ட வீரர்களும் சுமார் 90 டாங்கிகளும் விமானப் படையால் கிழக்கு லடாக்கிற்குக் கொண்டுசெல்லப்பட்டதாக 2023இல் தகவல் வெளியானது. அதே 2020 ஆகஸ்ட் இறுதியில் பாங்காங் ஏரியின் தென்கரை உயரங்களில் இந்திய டாங்கிகள் நிறுத்தப்பட்டது, பின்னர் நடந்த படைவிலக்கப் பேச்சில் இந்தியாவுக்குக் கைகொடுத்தது.

ஆற்றின் நடுவே

உயரமும் குளிரும் மட்டும் அங்கே பகையல்ல. 2024 ஜூன் 28 இரவு, கிழக்கு லடாக்கில் சசேர் பிராங்சா அருகே, பயிற்சியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த டி-72 டாங்கி ஒன்று ஷியோக் ஆற்றில் சிக்கியது. நீர்மட்டம் திடீரென உயர்ந்ததே காரணம் என்று ராணுவம் தெரிவித்தது. மீட்புக் குழுக்கள் விரைந்தும், நீரின் வேகத்தால் முயற்சி பலிக்கவில்லை. டாங்கியில் இருந்த ஐந்து வீரர்களும் உயிரிழந்தனர்.

ஏட்டளவில் டி-72 ஆறு கடக்கத் தெரிந்த டாங்கிதான். முன்தயாரிப்பு இன்றி 1.2 மீட்டர் ஆழம் வரை கடக்கும். மூடிகளை அடைத்து, காற்றுக் குழாயை மேலே பொருத்தினால் 5 மீட்டர் ஆழத்தில் ஆற்றின் அடியிலேயே ஓடும். ஆனால் இந்த எண்கள் அமைதியான நீருக்கும் உறுதியான தரைக்கும் உரியவை. கோடையில் பனியாறு உருகிப் பாயும் லடாக் ஆறு சில மணி நேரத்தில் ஆளை மாற்றிக் காட்டும். 1,000 குதிரைத்திறனும் அங்கே விடையல்ல.

இத்தகைய நிலத்துக்கெனவே பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பும் லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனமும் இணைந்து 25 டன் எடையுள்ள 'ஜோராவர்' இலகுரக டாங்கியை உருவாக்கியுள்ளன. 2024 ஜூலையில் குஜராத்தின் ஹஜீராவில் அது அறிமுகப்படுத்தப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் 4,200 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் சுட்டுச் சோதிக்கப்பட்டது. அது படையில் சேரும்வரை லடாக்கின் சுமை டி-72, டி-90 ஆகியவற்றின் மீதே இருக்கும்.

மாற்ற முடியாதவை

முதலாவது, பின்னோக்கிச் செல்லும் வேகம். டி-72இன் பல்சக்கரப் பெட்டியில் பின்னோக்கிச் செல்ல ஒரே ஒரு கியர்தான். மணிக்கு ஏறத்தாழ 4 கிலோமீட்டர். அரை கிலோமீட்டர் பின்வாங்க ஏழரை நிமிடம் ஆகும். தடித்த முன்கவசத்தை எதிரிக்குக் காட்டியபடி விரைந்து பின்வாங்குவது இக்காலப் போர்முறையின் பாலபாடம். டி-72இன் ஓட்டுநருக்கு அதற்கு வழியில்லை. ஒன்று நத்தையாய் ஊர வேண்டும், அல்லது திரும்பி மெல்லிய பின்புறத்தைக் காட்டி ஓட வேண்டும். எஞ்சினை மட்டும் மாற்றினால் இது தீராது. கியர் பெட்டியையும் மாற்ற வேண்டும். செக் குடியரசு அப்படித்தான் செய்தது. தன் 30 டாங்கிகளில் பிரிட்டிஷ் எஞ்சினையும் அமெரிக்கத் தானியங்கிக் கியரையும் ஒரே தொகுதியாகப் பொருத்தியது. பழுதானால் அதை அப்படியே தூக்கி மாற்றலாம். பின்னோக்கிய வேகமும் பல மடங்கு கூடியது. ஆனால் செலவு அதிகம் என்பதால் 30உடன் அத்திட்டம் நின்றது. 30 டாங்கிக்கே கட்டுப்படியாகாததை 2,000 டாங்கிக்கு விரிப்பது எளிதல்ல என்பதால், இந்தியா எஞ்சினோடு நின்றதில் நியாயம் இல்லாமல் இல்லை.

இரண்டாவது, அந்த இராட்டினம். வீரர்களின் காலடியில் 22 குண்டுகள். மீதமுள்ள இருபதுக்கும் மேற்பட்டவை டாங்கியின் உடலுக்குள் ஆங்காங்கே செருகப்பட்டிருக்கும். கவசத்தைத் துளைத்து வரும் நெருப்பு அவற்றுள் ஒன்றைத் தொட்டால் போதும், எல்லாம் ஒருசேர வெடித்து, பல டன் எடையுள்ள கோபுரம் பானை மூடி போல் மேலே பறக்கும். 1994 இறுதியில் செச்சினியாவின் குரோஸ்னி நகரத் தெருக்களிலும், 2022 முதல் உக்ரைன் வயல்களிலும் உலகம் அதைக் கண்டது. இராட்டினத்தில் உள்ளவற்றைவிட வெளியே செருகியவையே விரைவில் தீப்பிடிப்பவை. எனவே இராட்டினத்தை மட்டும் நிரப்பிச் செல்வது ஒரு தற்காப்பு. அதற்கு விலை, 22 குண்டுகளோடு சண்டையை முடித்துக்கொள்வது. வெடிமருந்தைத் தனி அறையில் பூட்டி, வெடித்தால் கூரை வழியே வெளியேறும்படி அமைப்பதே மேற்கத்திய டாங்கிகளின் வழி. டி-72இல் அதைச் செய்ய வேண்டுமானால் கோபுரத்தையே புதிதாகக் கட்ட வேண்டும். இந்தியா அதையும் முயன்றது. டி-72இன் அடிப்பாகத்தில் அர்ஜுனின் கோபுரத்தை ஏற்றிய 'டாங்க் இஎக்ஸ்' 2002இல் உருவானது. ராணுவம் அதை ஏற்கவில்லை.

அதே இராட்டினம் குண்டின் நீளத்தையும் தீர்மானிக்கிறது. கவசத்தைத் துளைக்கும் உலோக அம்பு எவ்வளவு நீளமோ அவ்வளவு ஆழம் பாயும். தட்டின் விட்டத்துக்குள் அடங்கும் நீளத்துக்கு மேல் அம்பை வளர்க்க முடியாது. டி-90 தன் பீரங்கிக் குழல் வழியாகவே ஏவுகணையையும் செலுத்தும். இந்திய டி-72க்கு அந்த வசதி இல்லை. அது குண்டை மட்டுமே நம்பியது.

மூன்றாவது, ஆள் குறைவு. இது ஏட்டில் எழுதப்படாத குறை. சங்கிலிப் பட்டை அறுந்தால் இழுத்து மாட்டுவதும், குழலைத் துடைப்பதும், குண்டுகளைத் தூக்கி அடுக்குவதும், இரவுக் காவலும் நால்வருக்குப் பதில் மூவர் தலையில் விழுகின்றன. அதுவும் 4,500 மீட்டர் உயரத்தில்.

மேலிருந்து வரும் ஆபத்து

எல்லா டாங்கிகளுக்கும் பொதுவான புதிய அச்சம் ஆளில்லா விமானம். உக்ரைன் போரில், சில ஆயிரம் ரூபாய் முதல் சில லட்சம் ரூபாய்க்குள் அடங்கும் சிறு விமானங்கள் கோடிக்கணக்கில் மதிப்புள்ள டாங்கிகளின் கூரையைத் தேடி மோதுகின்றன. டாங்கியின் கவசம் முன்னிருந்து வரும் அடியை எதிர்பார்த்து அமைக்கப்பட்டது; கூரையில் அது மெல்லியது. அஜேயாவின் வெடிக் கவசப் பெட்டிகளும் பெரும்பாலும் முன்னும் பக்கமும்தான். கோபுரத்தின் மேல் கம்பிக் கூண்டு கட்டுவது ரஷ்யரும் உக்ரைனியரும் களத்திலேயே கண்ட மலிவான தீர்வு. ஓரளவு பயன் உண்டு. ஆனால் கோபுரம் திரும்புவதையும், வீரர்கள் அவசரத்தில் வெளியேறுவதையும் கூண்டு தடுக்கக்கூடும்.

ரஷ்யாவும் தன் பழைய டி-72களை ஒதுக்கிவிடவில்லை. புதிய பார்வைக் கருவியும் 1,130 குதிரைத்திறன் வரையிலான எஞ்சினும் பொருத்தி டி-72பி3 என்ற பெயரில் முன்னணிக்கு அனுப்பியது. பார்வை மேம்பட்டது, கால் மேம்பட்டது, கோபுரம் பறப்பது நிற்கவில்லை. இந்தியத் திட்டமிடுவோர் கூர்ந்து கவனித்திருக்க வேண்டிய பாடம் இது.

அடுத்தது என்ன?

டி-72க்கு மாற்றாக 'எதிர்காலப் போர் வாகனம்' என்ற புதிய தலைமுறை டாங்கியை வாங்க, பாதுகாப்புத் தளவாடக் கொள்முதல் கவுன்சில் 2024 செப்டம்பர் 3 அன்று தேவை ஒப்புதல் அளித்தது. 1,770 டாங்கிகள் தேவைப்படும் எனக் கூறப்படுகிறது. தேவை ஒப்புதல் என்பது முதற்படி மட்டுமே. வடிவமைப்பு, மாதிரி, சோதனை, விலைப்பேச்சு எல்லாம் அதன் பின்னர்தான். இந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அவை பெரும் எண்ணிக்கையில் படையில் சேரும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. அர்ஜுன் திட்டம் எடுத்துக்கொண்ட காலத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் எச்சரிக்கையாகவே பேசுவார்கள்.

டி-90களுக்கும் எஞ்சின் மாற்றம் வருகிறது. 1,000 குதிரைத்திறனிலிருந்து 1,350 குதிரைத்திறனுக்கு உயர்த்தும் திட்டத்துக்கு அதே கவுன்சில் 2025 மார்ச் 20 அன்று ஒப்புதல் வழங்கியது. அது நிறைவேறினால் வரிசையில் முன்னே டி-90, பின்னே டி-72 என்ற இடைவெளி அப்படியே தொடரும்.

டி-72இன் அடிப்பாகத்துக்கு வேறொரு வாழ்வும் காத்திருக்கிறது. கோபுரமும் பீரங்கியும் இல்லாமல், கால்வாய்களின் மேல் பாலத்தை விரித்துவைக்கும் 47 டி-72 பாலமிடும் டாங்கிகளை வாங்க, 2025 ஜனவரி 21 அன்று கவச வாகன நிகாமுடன் 1,561.52 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. அவையும் ஆவடியிலேயே தயாராகின்றன.